ஆல்பத்துக்கு எப்படி விலை போடுகிறீர்கள்? 52 ஷீட் அடித்துக் கொடுத்து 40 ஷீட்டுக்குக் காசு வாங்கியவன் கேட்கிறேன்

பாலக்கோடு படப்பெட்டி

எல்லாருக்கும் வணக்கம். ஆடி மாதம், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஒருத்தர் ரெண்டு பேர் வருகிறார்கள், அவ்வளவுதான். சும்மா இருக்கிறோமே என்று வைகாசியில் எடுத்த கல்யாணங்களின் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் எழுதுகிறேன். மாரண்டஅள்ளிப் பக்கம், தக்காளி விவசாயி வீட்டுக் கல்யாணம். பேக்கேஜ் 55,000. முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலையில் முகூர்த்தம், போட்டோ, வீடியோ, இயல்பாக நடப்பதை எடுக்க ஒரு கேண்டிட் ஆள், 12க்கு 36 அங்குல சைஸில் 40 ஷீட் ஆல்பம் ஒன்று. செலவு: வீடியோக்காரருக்கு 9,000, கேண்டிட் தம்பிக்கு 10,000, லைட் பிடிக்கிற பையன், வண்டி, டீசல் எல்லாம் 3,500, வீடியோ எடிட்டிங் 5,000. ஆல்பத்துக்கு ஷீட் 150 வீதம் 6,000, டிசைன் ஷீட்டுக்கு 70 வீதம் 2,800, பேட் (ஆல்பத்தின் அட்டை), பெட்டி, பை சேர்த்து 2,400, கூரியர் 300. ஆக ஆல்பம் 11,500, மொத்தச் செலவு 39,000. மீதி 16,000. சாதா போட்டோ முழுக்க நானே எடுத்தேன், அதற்கு எனக்குச் சம்பளம் போட்டுக்கொள்ளவில்லை.

இது வரை பரவாயில்லை. 3,200 படம் பென்டிரைவில் போட்டுக் கொடுத்து செலக்ட் பண்ணச் சொன்னேன், ரெண்டு வீடும் சேர்ந்து 410 படத்தை டிக் அடித்துக் கொண்டுவந்தார்கள். 40 ஷீட்டில் அடங்காது என்றேன். "பாத்துப் போடுங்க தம்பி, நம்ம வீட்டு ஆளு மாதிரி" என்றார் பொண்ணோட அப்பா. நானும் நம்ம வீட்டு ஆள் மாதிரியே 52 ஷீட் போட்டேன். கூடுதல் 12 ஷீட்டுக்கு என் கைக்காசு 2,640. ஆல்பம் வாங்க வந்த அன்று பேலன்ஸில் 3,000 குறைத்துக்கொண்டார். 12 ஷீட் காசைக் கேட்டேன், "தக்காளி விலை ஏறட்டும் தம்பி, தந்துடறேன்" என்றார். ஆக ரெண்டு நாள் நின்றுகொண்டே வேலை பார்த்து, அப்புறம் ரெண்டு மாதம் இழுத்து, கையில் நின்றது 10,360. இதில்தான் கடை வாடகை, கேமரா தவணை எல்லாம்.

நீங்களெல்லாம் ஆல்பத்தைப் பேக்கேஜுக்குள் வைக்கிறீர்களா, தனியாக விலை போடுகிறீர்களா?

ஓசூர் கேண்டிட்

அண்ணா, நான் ஆல்பத்தையே விட்டுவிட்டேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் பெங்களூரில் வேலை பார்க்கிற ஜோடிகள். எடுப்பதற்கு மட்டும் காசு, திருத்திய 400 படம் லிங்க்கில் போய்விடும். ஆல்பம் வேண்டுமென்றால் அப்புறம் சொல்லுங்கள், அன்றைய விலை என்று எழுதிவிடுவேன். தலைவலியே கிடையாது. என்ன ஒன்று, பத்து பேரில் மூணு பேர்தான் திரும்பி வருகிறார்கள், அதுவும் ஒரு வருஷம் கழித்து, "அப்போ கம்மியா சொன்னீங்களே" என்று கேட்டுக்கொண்டு.

பழைய ஸ்டுடியோ, கிருஷ்ணகிரி

ஓசூர் தம்பி தலைவலி இல்லை என்கிறார், மீதி ஏழு பேரிடம் விட்ட காசைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆறு மாதத்துக்குள் ஆல்பம் வாங்காதவர் பெரும்பாலும் வாங்கவே மாட்டார். கல்யாணச் சூடு இருக்கும்போதுதான் அது விற்கும். அதற்கப்புறம் வளைகாப்பு வந்துவிடும், வீட்டுக் கடன் வந்துவிடும்.

பாலக்கோடு தம்பிக்குச் சொல்கிறேன். நான் பிலிம் காலத்தில் தொழிலுக்கு வந்தவன், கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகவில்லை, எல்லாம் தர்மபுரி மாவட்டம்தான் அப்போது. ஒரு ரோலில் 36 படம். ஒரு தடவை பட்டனை அழுத்தினால் காசு போச்சு, அது எனக்கும் தெரியும், கல்யாண வீட்டாருக்கும் தெரியும். மேக்ஸி சைஸ் பிரிண்ட் ஒன்றுக்கு இவ்வளவு என்று எண்ணிக் காசு வாங்குவோம். "இதுக்கு மேல எடுக்காதீங்க" என்று மாப்பிள்ளை அப்பாவே வந்து கையைப் பிடிப்பார். அப்போது கணக்கு அவர்களிடமே இருந்தது. டிஜிட்டல் வந்ததும் பட்டன் இலவசமாகிவிட்டது, 3,200 படம் எடுக்கிறோம், அதனால் எல்லாமே இலவசம் என்கிற நினைப்பும் கூடவே வந்துவிட்டது. அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற ஒரே செலவு ஷீட். அதையும் நீ 55,000க்குள் போட்டு மறைத்துவிட்டாய். அப்புறம் 12 ஷீட் கூடினால் அவருக்கு எப்படி உறைக்கும்?

என் வழக்கம் இது. ஆர்டர் பாரத்தில் ரெண்டு வரி. ஒன்று எடுப்பதற்கு, இன்னொன்று ஆல்பத்துக்கு. உனக்கு 11,500 அடங்குகிற 40 ஷீட் ஆல்பத்தை நான் 22,000 சொல்வேன், கூடுதல் ஷீட் ஒவ்வொன்றும் 450. கொள்ளை என்று நினைப்பாய். நீ ஒரு ஆல்பத்துக்கு எத்தனை மணி நேரம் உட்காருகிறாய் என்று ஒரு தடவை நோட்டில் குறித்துப் பார். படம் காப்பி பண்ணுவது, கலர் சரி பண்ணுவது, செலக்‌ஷன் வந்ததா என்று பத்து போன், டிசைனைக் காட்ட மூணு தடவை அவர்கள் வருவது, ஒவ்வொரு தடவையும் டீ. என் கடையில் இருபது மணி நேரத்துக்குக் குறைந்து எந்த ஆல்பமும் வெளியே போனதில்லை. அந்த இருபது மணி நேரத்தை ஷீட் கணக்கில் எந்த வரியில் எழுதினாய்? அப்புறம் பத்து ஆல்பத்துக்கு ஒன்றை என் கைக்காசில் மறுபடி அடிக்க வேண்டி வருகிறது, அதையும் மற்ற ஒன்பதும்தான் சுமக்கணும்.

காசு வாங்குகிற நேரம் இதைவிட முக்கியம். எடுக்கிற காசு முழுதும் மண்டபத்திலேயே வந்துவிடணும். மொய் எழுதி முடித்து, நோட்டை மூடி, பையைக் கட்டுகிற நேரம் பார்த்துப் போய் நிற்கணும். அந்த ஒரு மணி நேரத்தில் கையில் ரொக்கம் இருக்கும், மனசும் நிறைந்திருக்கும். மறுநாள் போனால் சமையல்காரர், பந்தல்காரர், நகைக்கடை எல்லாம் உனக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். ஆல்பம் காசு டிசைன் ஓகே ஆனதும், அச்சடிக்கிற லேப்புக்குப் போவதற்கு முன்னால். பேலன்ஸ் ஆல்பம் வாங்கும்போது என்று வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? என் பீரோவில் இன்றைக்கும் 11 ஆல்பம் இருக்கிறது. அதில் ஒரு வீட்டுக் குழந்தைக்குக் காதுகுத்தும் நான்தான் எடுத்தேன், அந்தக் காசு வந்துவிட்டது. கல்யாண ஆல்பம் மட்டும் இன்னும் பீரோவில்.

அரூர்க்காரன்

பெரியவர் சொல்வதெல்லாம் கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்குச் சரி. எங்கள் பக்கம் நடக்காது. தீர்த்தமலைக் கோயிலில் தாலி கட்டிவிட்டு, மதியம் வீட்டு வாசலில் பந்தி போடுகிற கல்யாணம்தான் எனக்கு அதிகம். அவர்களிடம் போய் இது தனி, அது தனி என்றால், "மொத்தமா எவ்ளோ ஆவுது, அதச் சொல்லு" என்பார்கள். பக்கத்துத் தெருவில் ஒருத்தர் 25,000க்குப் போட்டோ, வீடியோ, 30 ஷீட் ஆல்பம், ஃப்ரீ மினி ஆல்பம், ஃப்ரீ காலண்டர், ஃப்ரீ போட்டோ கப் என்று ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார். கப்பில் மாப்பிள்ளை பொண்ணு முகம் ரெண்டு கழுவலுக்குத் தாங்காது, ஆனால் அந்தக் கப்புக்காக அங்கே போனவர்கள் இருக்கிறார்கள், நான் பொய் சொல்லவில்லை.

பேக்கேஜ்தான் வழி. அதற்குள் ஷீட்டைக் குறைத்து வை, அவ்வளவுதான். அப்புறம் ஒன்று, பேலன்ஸ் வராதவரை ஒரு படம்கூடக் கொடுக்காதே. எடுத்தவன் நாம், காப்பிரைட் நமக்குத்தான்.

சட்டம் படித்துவிட்டு கேமரா தூக்கியவன்

அரூர் அண்ணா, கடைசி வரி தப்பு, அதை நம்பி யாராவது சண்டைக்குப் போய்விடாதீர்கள். 1957 பதிப்புரிமைச் சட்டம் 17வது பிரிவில் (பி) உட்பிரிவு இருக்கிறது. ஒருவர் காசு கொடுத்து, அவர் கேட்டதன் பேரில் எடுத்த போட்டோவுக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், அந்தக் காசு கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். கல்யாண வீட்டுப் படம் அப்படியே இதில் வருகிறது. நம் கடைக் கண்ணாடியில் மாட்டுவதற்கும் இன்ஸ்டாகிராமில் போடுவதற்கும்கூட ஆர்டர் பாரத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. மூலப் படம் எவ்வளவு நாள் நம் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. காசு வாங்கிக்கொண்டு ஆல்பம் கொடுக்காமல் இழுத்தால், ரெண்டு வருஷத்துக்குள் அவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. அதனால் முழுக் காசை முன்னால் வாங்குகிறவர்கள் கொடுக்கிற தேதியையும் எழுதிக் கொடுங்கள். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டுகிறவர்களுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், எடுக்கிற வேலைக்கு 18 சதவீதம், அது சொன்ன விலைக்கு உள்ளேயா வெளியேயா என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

அரூர்க்காரன்

சரி தம்பி, ஒத்துக்கொள்கிறேன். இத்தனை வருஷம் தைரியமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஷீட் போடுகிற அக்கா, தர்மபுரி

நான் வீட்டிலிருந்து ஆல்பம் டிசைன் பண்ணிக் கொடுக்கிறேன், ஏழெட்டு ஸ்டுடியோ வேலை வருகிறது. இந்த 70 ரூபாய் ஆள் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாலக்கோடு தம்பி, தப்பு 52 ஷீட்டில் இல்லை. 3,200 படத்தைக் கொடுத்து எடுத்துக்கோ என்றதில் இருக்கிறது. அத்தனையையும் பார்க்கிறவர்களுக்கு எதை விட மனசு வரும்? ஒரே குடும்பம் மேடையில் நிற்கிற படம் ஆறு இருக்கும், ஒன்றில் பாட்டி கண் மூடியிருப்பார், இன்னொன்றில் குழந்தை திரும்பியிருக்கும், ஆறையும் டிக் பண்ணிவிடுவார்கள். 12க்கு 36 ஷீட் விரித்தால் ரெண்டு பக்கம், கண்ணுக்கு நன்றாக இருக்கணும் என்றால் ஒரு ஷீட்டுக்கு நாலு ஐந்து படம். 40 ஷீட்டில் 160 முதல் 200. 410 படத்தைத் திணித்தால் அது ஆல்பம் இல்லை, ரேஷன் கார்டு.

எனக்கு வேலை கொடுக்கிறவர்களில் ஒருத்தர் மட்டும் வேறு மாதிரி பண்ணுகிறார். வீட்டாரிடம் ஒன்றே ஒன்று கேட்பார், "கட்டாயம் வரவேண்டிய சொந்தக்காரர் பேரை எழுதிக் கொடுங்க." மாமன் சீர் கொண்டுவந்தவர், பங்காளிகள், ஊர்ப் பெரியவர் என்று ஒரு பேப்பர் வரும். மீதியை அவரே தேர்ந்தெடுத்து எனக்கு அனுப்புவார், நான் 36, 38 ஷீட்டில் தளர்வாகப் போட்டுக் கொடுப்பேன். பாரத்தில் 30 ஷீட்தான் இருக்கும். டிசைனைப் பெரிய டிவியில் போட்டுக் காட்டி, "30க்குள்ள வேணும்னா எதை எடுத்துடலாம்னு நீங்களே சொல்லுங்க" என்பார். முதலில் பூ, விளக்கு, மண்டப வாசல் என்று ரெண்டு மூணு ஷீட் போகும். அதோடு நின்றுவிடும். யாரும் சொந்தக்கார முகத்தை எடுக்கச் சொல்லமாட்டார்கள். ஆனால் ஒன்று, ஷீட் கூட்டுவதற்காக மங்கலான ரோஜாப்பூவைப் பெரிதாக்கிப் பின்னணியில் போட்டு, நடுவில் ஒரு சின்னப் படம் ஒட்டச் சொல்கிற ஸ்டுடியோக்களும் இருக்கிறார்கள். எனக்கு அதைப் பண்ணவே கை வராது.

திருத்தம் ரெண்டு தடவைதான் என்று எழுதுங்கள். மூணாவது தடவையிலிருந்து காசு. இல்லையென்றால் சேலை நிறத்தை மாற்றச் சொல்லுகிற அளவுக்குப் போகும், போயிருக்கிறது.

டிசைனை வாட்ஸ்அப்பில் முழு சைஸில் அனுப்பாதீர்கள். 12க்கு 36 என்பது 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 10,800க்கு 3,600 பிக்சல். அந்த ஃபைலை டாக்குமென்டாக அனுப்பிவிட்டால், அவர்கள் நேரே வேறொரு லேப்பில் கொடுத்து, பேட் பெட்டியோடு உங்கள் விலையில் பாதிக்கு அடித்துக்கொள்ளலாம். என் கண் முன்னால் நடந்தது. குறுக்கே கடைப் பேர் போட்டு, 1,600 பிக்சலுக்குச் சுருக்கி அனுப்பினால் போதும், திருத்தம் பார்க்க அது தாராளம்.

காவேரிப்பட்டணம், மாப்பிள்ளையின் அக்கா

நான் போட்டோகிராபர் இல்லை. தம்பி கல்யாணத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன், தேடும்போது இது கண்ணில் பட்டது, எழுதலாமா?

நீங்கள் எல்லாரும் ஷீட் ஷீட் என்கிறீர்கள், எங்களுக்கு அது என்னவென்று யாரும் சொல்லவில்லை. என் கல்யாணத்துக்கு 80 பக்கம் என்று பேசினோம், வந்ததை எண்ணினால் 40. ஏமாற்றிவிட்டார் என்று என் மாமனார் குதித்தார். விரித்தால் ஒன்று, அதில் ரெண்டு பக்கம் என்று அப்புறம்தான் விளங்கியது. முதல் நாளே ஒரு ஆல்பத்தைக் கையில் கொடுத்து, இதோ இதுதான் ஒரு ஷீட் என்று காட்டியிருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது.

அது போகட்டும். ஆல்பம் வந்த அன்று கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தோம். என் பெரிய மாமா, பட்டுத்துணி, வாழைத்தார், பத்துத் தட்டு வரிசையோடு வந்தவர், அவர் படம் சரியாக நடு மடிப்பில். மூக்கு பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மடிப்பை விரலால் ரெண்டு தடவை நீவிப் பார்த்தார், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். அந்த ஒரு ஷீட்டை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டோம், முதுகோடு முதுகு ஒட்டியிருக்கிறது, ஒன்றை மட்டும் பிரிக்க முடியாது, முழுசும் அடிக்கணும், 9,000 ஆகும் என்றார். அடிக்கவில்லை. அந்தப் பக்கம் வரும்போது வேகமாகத் திருப்பிவிடுவோம்.

விலை ஐந்தாயிரம் கூட என்றால் நாங்கள் புலம்புவோம், கொடுத்தும்விடுவோம். எதற்குக் கூட என்று தெரியவேண்டும், அவ்வளவுதான். பென்டிரைவ் எங்கே இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது. ஆல்பம் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் இருக்கிறது.

ஷீட் போடுகிற அக்கா, தர்மபுரி

அம்மா, அந்த மடிப்புக்கு டிசைன் பண்ணியவரைத்தான் திட்டணும். நடுவில் ரெண்டு பக்கமும் ஒரு விரல்கடை முகம் வராமல் விடுவது முதல் பாடம். திட்டு வாங்குவது என்னவோ ஸ்டுடியோக்காரர்.

ஓசூர் கேண்டிட்

மேடம் எழுதியதைப் படித்ததும் உறுத்துகிறது. என்னிடம் வருபவர்கள் லிங்க் போதும் என்பார்கள், உண்மைதான். ஆனால் நான் இதுவரை அந்த ஜோடியோடு மட்டும்தான் பேசியிருக்கிறேன், அவர்கள் அம்மாக்களோடு பேசியதே இல்லை.

பழைய ஸ்டுடியோ, கிருஷ்ணகிரி

அதைத்தான் சொல்ல வந்தேன். ஆல்பத்தைப் பேசி விற்க முடியாது, மடியில் வைக்கணும். என் கடையில் ரெண்டு சாம்பிள் இருக்கிறது. 30 ஷீட் ஒன்று, 50 ஷீட் ஒன்று, ரெண்டும் வேறு வேறு பேப்பர். விலை சொல்வதற்கு முன்னால் அம்மா கையில் கொடுத்துவிட்டு நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். திரும்பி வரும்போது பேப்பரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிழியாத ஷீட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள் என்பேன், பயந்து பயந்து இழுப்பார்கள், அப்புறம் பலமாக இழுப்பார்கள். அதற்கு மேல் 22,000 என்பது காதில் வேறு மாதிரி விழும். சாம்பிளில் பழைய ஆல்பம் வைக்காதே, ஓரம் மடிந்ததை ஒரு வருஷத்தில் மாற்று. அதற்கும் காசு ஆகும், அதுவும் விலைக்குள்தான்.

அரூர் தம்பிக்கு ஒன்று. மொத்தமாக எவ்வளவு என்று கேட்டால் மொத்தமாகவே சொல். பாரத்தில் மட்டும் ரெண்டாகப் பிரித்து எழுது. நாளைக்கு ஷீட் கூடும்போது அந்த ரெண்டாவது வரியில் விரல் வைத்துப் பேசலாம். மாங்காய் சீசனில் கல்யாணம் வைக்கிறவர்கள் "பெங்களூரா மாங்காய் லோடு போகட்டும், பணம் வந்ததும் தரேன்" என்பார்கள், நியாயம்தான், நான் காத்திருப்பேன். லேப்புக்கு அனுப்பாமல் காத்திருப்பேன்.

பாலக்கோடு படப்பெட்டி

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், ஆவணி முதல் முகூர்த்தம் முடிந்தது. காரிமங்கலம் கல்யாணம். புதுப் பாரம் அடித்தேன், ரெண்டு வரி. எடுப்பதற்கு 42,000, 30 ஷீட் ஆல்பம் 16,500, கூடுதல் ஷீட் 400. பெரியவர் சொன்ன 450 வாயில் வரவில்லை, அடுத்த தடவை வரும்.

"ஆல்பத்துக்குத் தனியாவா?" என்று பொண்ணோட அப்பா எழுந்தேவிட்டார். சாம்பிளை நீட்டினேன். அவர் பிரித்துப் பார்க்கவில்லை, ஒரு கையில் தூக்கி, தக்காளிப் பெட்டி எடை பார்ப்பது போல மேலும் கீழும் ஆட்டினார். அவர் மனைவி அதை வாங்கி முழுக்கப் பார்த்துவிட்டு, "நம்ம சின்னப் பொண்ணு சடங்குக்குப் போட்ட ஆல்பம் ரெண்டே வருஷத்துல புட்டுக்கிச்சே, இது புட்டுக்குமா?" என்று கேட்டார். இழுத்துப் பாருங்கள் என்றேன். அவர் இழுத்த இழுப்பில் எனக்கே பயம் வந்துவிட்டது.

எடுத்த காசு மண்டபத்திலேயே வந்துவிட்டது, மொய் எழுதியவர் எழுந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். சொந்தக்காரர் பேர்ப் பட்டியலும் வாங்கினேன், மூணு பக்கம். 39 ஷீட் டிசைன் காட்டியதில் மூணு எடுத்தார்கள், 36ல் நின்றது. ஆறு கூடுதல், 2,400, மொத்தம் ஆல்பம் 18,900. அச்சுக்கு அனுப்பும் முன்னாலேயே வந்துவிட்டது. கேண்டிட், வீடியோ எல்லாம் அதே ஆட்கள், அதே கூலி. செலவு போக 22,780. டிசைன் பார்க்க ரெண்டே தடவைதான் வந்தார்கள். மாமா முகம் எதுவும் மடிப்பில் இல்லை, ஒவ்வொரு ஷீட்டாக ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்.

பழைய ஸ்டுடியோ, கிருஷ்ணகிரி

சந்தோஷம். அந்த மாரண்டஅள்ளி 12 ஷீட் காசு?

பாலக்கோடு படப்பெட்டி

தக்காளி விலை ஏறவில்லை. போன வாரம் ரெண்டு பெட்டி கடை வாசலில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டில் மூணு நாளாகத் தொக்குதான்.